ஜாதிக்காய் புளிக்கும் காலம்

ஜார்ஜ் டவுன், பினாங்கு
5-12-1982

தம்பி பரமநாதனுக்கு,

உன்னுடைய மூன்று கடிதங்களும் ஒழுங்காக வந்து சேர்ந்தன. பதில் போடாததற்குத் தபால்காரர் மேல் பழி போட முடியாது. எனக்கு எழுதப் பிடிக்கவில்லை.

விமான நிலையத்தில் நீ விடைபெற்றபோது நான் முகம் கொடுக்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். என்ன சொல்லி உன்னை அனுப்பியிருக்க வேண்டும்? நன்றாக ஒயின் காய்ச்சக் கற்றுக்கொண்டு வா என்றா? பல்கலைக்கழகத்தில் உணவு விஞ்ஞானம் கற்றுக்கொடுக்கிற நல்ல வேலை. அதை விட்டுவிட்டு அடிலெய்டுக்குப் போய்த் திராட்சை புளிப்பதை ஆராயப் போகிறேன் என்றாய். கோயிலில் யோகம்மா அக்கா, "தம்பி ஆஸ்திரேலியாவுல என்ன படிக்கிறார்?" என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்கிறார். "பழம்" என்று சொல்லிவிட்டுப் பிரகாரம் சுற்றப் போய்விட்டேன்.

என் வேலை என்னவென்று உனக்குத் தெரியும். தினமும் பெரிக் கப்பல் ஏறி அக்கரை போய், பாகான் டாலாமில் அந்த வாடகை வீட்டைத் திறந்து உட்காருகிறேன். சம்சுச் சாராயம் குடிக்கிற புருஷனிடம் அடிபட்ட பெண்கள் வருகிறார்கள். சிலர் பேசுவார்கள், சிலர் பேசாமல் தையல் மெஷினில் உட்கார்ந்துவிட்டுப் போவார்கள். பிள்ளைகளுக்கு மத்தியானச் சோறு போடுகிறோம். குடி என்ன செய்யும் என்று நான் ஒவ்வொரு நாளும் பார்த்துக்கொண்டிருக்கும்போது, என் கூடப்பிறந்தவன் அதையே படிப்பாகப் படிக்கிறான் என்றால் எனக்கு எப்படி இருக்கும்?

உடம்பைப் பார்த்துக்கொள். அங்கே வெயில் கடுமை என்று கேள்விப்பட்டேன்.

அக்கா,
அருந்ததி

•

அடிலெய்ட் மலைப்பகுதி, தென் ஆஸ்திரேலியா
2-1-1983

அன்புள்ள அக்காவுக்கு,

திட்டித்தான் எழுதியிருந்தீர்கள். ஆனாலும் உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் கடிதத்தை எடுத்துக்கொண்டு வெளியே போய் மரத்தடியில் உட்கார்ந்து இரண்டு முறை வாசித்தேன்.

நான் பட்டணத்தில் இல்லை. மலைச்சரிவில் ஒரு திராட்சைத் தோட்டத்து வீட்டில் தங்கியிருக்கிறேன். வீட்டுக்காரர் பெயரை எழுதினால் உங்கள் நாக்கு சுளுக்கிக்கொள்ளும். தோட்டக்காரர் என்றே எழுதுகிறேன். அவர், மனைவி, இரண்டு பெண்பிள்ளைகள். அவருக்கு என் வயதுதான் இருக்கும். எங்கள் ஆய்வுக்குழுவில் நான்கு பேர். ஒருவர் வியாபாரக் கணக்குப் பார்க்கிறவர். மண்ணைக் கெடுக்காமல், யாரையும் ஏமாற்றாமல் ஒரு சின்னத் தோட்டம் எத்தனை காலம் பிழைத்திருக்க முடியும் என்பது அவருடைய கேள்வி. ஒருவர் ஒயின் செய்கிறவர். ஒரு பெண்மணி இங்குள்ள குடும்பங்களைப் பற்றி ஆராய்கிறார். விளைச்சல் பொய்த்த வருஷத்தில் யார் யாருக்குக் கைகொடுக்கிறார்கள், எந்த வீடு உடைகிறது, எது தாக்குப்பிடிக்கிறது என்று. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் என் பங்கு. குடும்பத்தை விட்டுவிட்டு ஒயினைப் பற்றிப் பேச முடியாது என்று அந்த அம்மா சொல்லும்போதெல்லாம் எனக்கு உங்கள் ஞாபகம் வருகிறது.

அக்கா, இங்கே இருக்கிற திராட்சைக் கொடிகளை நீங்கள் பார்க்க வேண்டும். கொடி என்று சொல்கிறோமே தவிர, அடி என் இடுப்பளவு பருமன். தோட்டக்காரரின் கொள்ளுத்தாத்தா நட்டவையாம். முறுக்கிப் பிழிந்த துணி மாதிரி கறுத்துக் கிடக்கிறது. அதிலிருந்து இளம்பச்சையில் இலை. இங்கே அறுவடை இன்னும் வரவில்லை; முன்பே பழுக்கிற சூடான ஊரிலிருந்து சோதனைக்குக் கொஞ்சம் பழம் கொண்டுவந்தோம். அதை நசுக்கிச் சும்மா வைத்தால் போதும், யாரும் தொடாமலே அது கொதிக்க ஆரம்பிக்கிறது. அடுப்பு கிடையாது, நெருப்பு கிடையாது. தொட்டியில் கையை வைத்தால் சுடுகிறது! பழத்தின் தோலில் ஒட்டிக்கொண்டிருந்த ஈஸ்ட்தான் அத்தனையும் செய்கிறது. புத்தகத்தில் எத்தனையோ வருஷமாகப் படித்ததுதான். கையில் அந்தச் சூடு பட்டபோது எனக்குப் பேச்சு வரவில்லை.

பிழிந்த சக்கையைக்கூட இவர்கள் எறிவதில்லை. மண்ணுக்கே திருப்பிப் போடுகிறார்கள். நம் பாலிக் புலாவில் ஜாதிக்காயின் கொட்டையையும் பத்திரியையும் எடுத்துக்கொள்கிறோம். சதையில் கொஞ்சம் ஊறுகாய்க்கும் சர்பத்துக்கும் போகிறது. மிச்சம் மரத்தடியில் கிடந்து அழுகுகிறது. அதில் ஒயின் செய்தால் என்ன என்று ஓர் எண்ணம். உங்கள் வீட்டுப் பெண்களுக்குச் சொந்தமாக ஒரு தொழில் ஆகுமே. யோசித்துப் பாருங்கள்.

தம்பி,
பரமநாதன்

•

ஜார்ஜ் டவுன்
6-2-1983

தம்பி,

தைப்பூசம் முடிந்து தண்ணீர்மலை முருகன் கோயிலிலிருந்து இறங்கி வந்த அலுப்பு இன்னும் கால்களில் இருக்கிறது. அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

யோசிக்க ஒன்றுமில்லை. முடியாது.

லெட்சுமி என்று ஒரு பெண் வருகிறாள். கெட்டிக்காரி. புருஷன் அய்யாக்கண்ணு புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலையில் பாரம் ஏற்றுகிற வேலை. குடிக்காத நேரத்தில் தங்கமான ஆள், குடித்தால் வீட்டில் ஒரு பாத்திரம் மிஞ்சாது. போன வாரம் உதடு வீங்கி வந்தாள். "கதவுல இடிச்சிக்கிட்டேன்க்கா" என்றாள். எங்கள் வீட்டில் எல்லாப் பெண்களும் கதவில்தான் இடித்துக்கொள்கிறார்கள்.

அவளிடம் போய், "லெட்சுமி, தம்பி சொல்றான், நாம ஒயின் காய்ச்சி விக்கலாம்" என்று சொல்லவா? உனக்குக் கை சுட்டதில் பேச்சு வரவில்லை என்று எழுதியிருக்கிறாய். உன் கடிதத்தைப் படித்தபோது எனக்கும் வரவில்லை.

இந்தப் பேச்சை இனி எடுக்காதே.

அருந்ததி

•

அடிலெய்ட் மலைப்பகுதி
24-2-1983

அன்புள்ள அக்கா,

நான் நலம். பேப்பரில் பார்த்துப் பதறியிருப்பீர்கள். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. இதை முதலில் எழுதிவிட்டேன்.

போன புதன்கிழமை காலையிலிருந்தே காற்று அடுப்புக்குள்ளிருந்து வருவது போல இருந்தது. மத்தியானம் மலைக்கு அந்தப் பக்கம் வானம் பழுப்பாயிற்று. பிறகு ஒரு சத்தம். ரயில் வருகிறது என்று நினைத்தேன்; அந்தப் பக்கத்தில் தண்டவாளமே கிடையாது. நெருப்புதான் அப்படி இரைந்துகொண்டு வந்தது. தரையில் ஓடி வரும் என்று நினைத்திருந்தேன். மரத்துக்கு மரம் தாவாமல், காற்றிலேயே பற்றிக்கொண்டு, தலைக்கு மேலாகப் போனது. பிள்ளைகளை ஈரக் கம்பளியில் சுற்றி லோரியில் போட்டுக்கொண்டு வெட்டவெளிக்கு ஓடினோம். அங்கே படுத்துக்கொண்டு நான் முருகா முருகா என்று கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. பயந்தேன் என்பது சரிதான். ஆனால் அதற்குள்ளேயே பயத்தைவிடப் பெரிய ஏதோ ஒன்றும் இருந்தது. இத்தனை பெரிதாக ஒன்று இருக்க முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

வீடு தப்பித்தது. தோட்டம் போய்விட்டது. அந்தப் பழைய கொடிகள் எல்லாம் கரிக்கட்டைகள். அறுவடைக்கு இரண்டு வாரம்தான் இருந்தது.

அக்கா, நான் எழுதுவது அதற்காக அல்ல. தோட்டக்காரர் அன்றிலிருந்து பேசுவதில்லை. வாசல் படியில் உட்கார்ந்து கருகிய சரிவையே பார்க்கிறார். மனைவி அழுகிறார், கெஞ்சுகிறார். பிள்ளைகள் அப்பாவுக்குப் பயந்து பின்வாசல் வழியாகப் போய்வருகின்றன. குடும்ப ஆராய்ச்சி செய்கிற அம்மையாரின் வீடே எரிந்துபோனதால் அவர் பட்டணத்துக்குப் போய்விட்டார். என் படிப்பில் இதற்கு மருந்து இல்லை. உங்களிடம் இருக்கிறது. நான் என்ன செய்ய வேண்டும்? சீக்கிரம் எழுதுங்கள்.

பரமநாதன்

•

ஜார்ஜ் டவுன்
4-3-1983

என் தம்பிக்கு,

நீ உயிரோடு இருக்கிறாய். அதுபோதும். கோயிலில் அர்ச்சனை செய்தேன். மற்றதெல்லாம் பிறகு.

கேட்டதற்குப் பதில். "எல்லாம் சரியாகிவிடும்" என்று அவரிடம் சொல்லாதே. சரியாகாது என்று அவர் கண்ணெதிரே கிடக்கிறது. நீ சொன்னால் உன்னைப் பொய்யன் என்று நினைத்துக்கொள்வார். பக்கத்தில் போய் உட்கார். அவர் பார்க்கிற திசையையே நீயும் பார். பேச வேண்டாம்.

அவர் மனைவியைச் சமையல்கட்டிலிருந்து ஒருமணி நேரமாவது வெளியே அனுப்பு. பாத்திரத்தை நீ கழுவு. உனக்குக் கழுவத் தெரியும், நான்தானே பழக்கினேன். கெஞ்சுவதை நிறுத்தச் சொல். அவளும் இழந்தவள்தான், அவளை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். நீ கேள்.

பிள்ளைகள் வழக்கமான நேரத்துக்குச் சாப்பிடட்டும், வழக்கமான நேரத்துக்குத் தூங்கட்டும். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, உங்கள் மேல் கோபமில்லை என்று வாய்விட்டுச் சொல். அவை தங்களால்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கும். எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் நினைக்கும்.

சில நாள் போனதும் அவரிடம் ஒரு சின்ன உதவி கேள். உனக்கு உண்மையாகவே முடியாத வேலையாக இருக்க வேண்டும். நாடகம் போட்டால் தெரிந்துவிடும். துப்பாக்கி, கயிறு, மருந்து எல்லாம் எங்கே இருக்கிறது என்று பார்த்து, அந்த அம்மாவிடம் சொல்லி அப்புறப்படுத்து. இதை மட்டும் தள்ளிப்போடாதே.

அக்கா

•

அடிலெய்ட் மலைப்பகுதி
17-4-1983

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். நீங்கள் சொன்ன எல்லாவற்றையும் செய்தேன். துப்பாக்கியைப் பற்றி அந்த அம்மாவிடம் சொன்னபோது அவர் முகம் வெளுத்துவிட்டது. அவர் அதை ஏற்கெனவே கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தார், யாரிடமும் சொல்லவில்லை. அன்றைக்குத்தான் அவர் நாற்காலியில் உட்கார்ந்து தனக்காக அழுதார். கடலுக்கு அப்பாலிருந்து, இவர்கள் முகத்தையே பார்க்காத நீங்கள் இதை எப்படி அறிந்தீர்கள்? நான் பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு பார்க்கிறவன், அக்கா. உங்களுக்கு அது தேவைப்படவில்லை.

லோரியின் இயந்திரம் சாம்பல் ஏறி நின்றுவிட்டது. எனக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது. அவரிடம் போய்ச் சொன்னேன். அவர் எழுந்து போய் மூடியைத் திறந்தார். பேசவில்லை, ஆனால் கறுப்புக் கையோடு சாப்பிட வந்தார். சின்னவள் அவருக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள்.

இன்னொன்று. இது ஒயின் பேச்சு இல்லை, பயப்பட வேண்டாம். கொட்டகை ஓரத்தில் போன வருஷத்துப் பீப்பாய் ஒன்று நெருப்பில் தப்பிக் கிடந்தது. தக்கை கழன்றுபோய்த் திறந்தபடி. எட்டிப் பார்த்தால் மேலே ஒரு வெள்ளை ஆடை, பாலேடு போல. கீழே இருந்தது அத்தனையும் வினிகர். காற்றில் இருக்கிற ஒருவகை நுண்ணுயிர் உள்ளே போய், போதை தருகிற சாரத்தையெல்லாம் தின்று புளிப்பாக்கிவிட்டது. அந்த ஆடையை இங்கே 'தாய்' என்று சொல்கிறார்கள். ஊரே எரிந்துகொண்டிருந்த நாளில் அது தன் பாட்டுக்கு அங்கே வேலை செய்துகொண்டிருந்திருக்கிறது. நான் மண்டியிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பரமநாதன்

•

ஜார்ஜ் டவுன்
22-5-1983

தம்பி,

இங்கே ஒரு பெரிய துயரம் நடந்துவிட்டது.

எங்கேயோ காய்ச்சிய கள்ளச் சம்சு பாகான் டாலாம் பக்கம் வந்திருக்கிறது. குடித்தவர்களில் இரண்டு பேர் போய்விட்டார்கள். அய்யாக்கண்ணு பிழைத்துக்கொண்டான். ஆஸ்பத்திரிக்கு நான் போனபோது கட்டிலில் உட்கார்ந்து கையைக் கண்ணுக்கு முன்னால் ஆட்டிக்கொண்டிருந்தான். "எல்லாம் வெள்ளையா இருக்குக்கா. லைட்ட அணைக்கச் சொல்லுங்கலா" என்றான். லைட் எரியவே இல்லை. பகல். டாக்டர் என்னை வெளியே அழைத்துப்போய், நரம்பு கருகிவிட்டது, பார்வை திரும்பாது என்றார்.

லெட்சுமி மூன்று மாதக் கர்ப்பிணி. அவள் அழவில்லை. "இனிமே அடிக்க வந்தா நான் எங்க நிக்கிறேன்னு அவருக்குத் தெரியாதுல்லக்கா" என்றாள். சிரித்தாள். பிறகு அந்தச் சிரிப்பைத் தாங்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

பெரியில் திரும்பி வரும்போது மேல்தளத்தில் நின்றேன். கடலுக்குள் பாலத்துக்குத் தூண் இறக்கிக்கொண்டிருந்தார்கள். உன் பீப்பாய் ஞாபகம் வந்தது. போதை தருகிறதைத் தின்று புளிப்பாக்கிவிடும் என்று எழுதியிருந்தாயே. நிஜமாகவா? மிச்சம் வைக்காமல் தின்னுமா? ஜாதிக்காய்ச் சதையிலும் நடக்குமா?

லெட்சுமிக்கு ஒரு வருமானம் வேண்டும். இன்னும் நாலைந்து பேருக்கும் வேண்டும். தையலில் ஓடாது. நான் ஒயினுக்குச் சம்மதித்துவிட்டேன் என்று நினைக்காதே. வினிகரைப் பற்றித்தான் கேட்கிறேன். தெளிவாக எழுது.

அக்கா

•

அடிலெய்ட் மலைப்பகுதி
8-6-1983

அன்புள்ள அக்கா,

அய்யாக்கண்ணுவைப் பற்றிப் படித்துவிட்டு அன்று நான் ஆய்வுக்கூடத்துக்குப் போகவில்லை.

நடக்கும். செய்முறையைத் தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன். ஜாதிக்காய்ச் சதையில் இருக்கிற வாசனை எண்ணெய் நுண்ணுயிர்களுக்கு ஆகாது, அதனால் தண்ணீர் தாராளமாகச் சேர்க்க வேண்டும், மெதுவாகத்தான் நகரும். பல்கலைக்கழகத்தில் என்னோடு வேலை பார்த்த நோர்மாவுக்கு எழுதியிருக்கிறேன். உங்களைத் தேடி வருவார். வாரம் தவறாமல் சோதித்துப் பார்த்துச் சொல்வார்.

ஒன்றை மறைக்கக் கூடாது. பழம் நேராக வினிகர் ஆகாது. முதலில் போதை ஏறும், அப்புறம்தான் புளிப்பு. நடுவில் சில வாரங்கள் அந்தச் சாடிகளில் இருப்பது நீங்கள் வெறுக்கிற பொருள்தான். உங்கள் வீட்டில், அந்தப் பெண்களின் நடுவில் அது இருக்கும். அந்த வாரங்களைத் தாண்டாமல் மறுபக்கம் போக வழியில்லை. முடிவு உங்களுடையது.

பரமநாதன்

•

ஜார்ஜ் டவுன்
28-8-1983

தம்பி,

செய்துவிட்டோம். பெண்களிடம் எதையும் மறைக்காமல், நடுவில் அது என்னவாக இருக்கும் என்பதையும் சொன்னேன். லெட்சுமிதான், "தாண்டிப் போயிடுமில்லக்கா? அப்ப சரி" என்றாள்.

நோர்மா வந்தார். தலையில் முக்காடு, கையில் கண்ணாடிக் குழாய்கள். நல்ல பெண். வாசலிலேயே என்னிடம் தெளிவாகப் பேசினார். போதை இருக்கிற கட்டத்தில் தன் வேலை அளந்து பார்ப்பது மட்டும். அது வாயில் படாது. புளிக்க வைக்கவென்று நாம் எதையும் அதில் போடக் கூடாது. தானாக மாறினால்தான் மார்க்கப்படி அது ஆகும், தன்னைப் போன்ற முஸ்லிம்களும் அதை வாங்குவார்கள். ஆகவே காற்றுக்கு விட்டுவிட்டோம்.

பாலிக் புலாவிலிருந்து சதை மூட்டை மூட்டையாக வந்தது. தோட்டத்தார்கள் கூட்டி அள்ளுகிற வேலை மிச்சமென்று சந்தோஷமாகக் கொடுத்தார்கள். பின்னறையில் சாடிகள். பக்கத்து வீட்டார், "சம்சு ஒழிக்கிறேன்னு வந்த அம்மா, அங்கயே காய்ச்சுறாங்கலா" என்று பேசினார்கள். அழைத்து வந்து காட்டினேன். மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்துவிட்டுப் போனார்கள்.

அய்யாக்கண்ணுவை வீட்டில் தனியாக விட முடியாமல் லெட்சுமி கையைப் பிடித்துக் கூட்டி வருகிறாள். நான்காம் நாள் அவன் சுவரைத் தடவிக்கொண்டு பின்னறைக்குப் போய்ச் சாடியில் காதை வைத்தான். "உள்ள மழ பேயுதுக்கா" என்றான். நானும் வைத்துக் கேட்டேன். மெய்யாகவே மழைதான், தம்பி! தகரக் கூரையில் தூறல் விழுகிற மாதிரி. பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து காதை வைத்தார்கள். நீ கையை வைத்துப் பேச்சிழந்தது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

ஆனால் எழுத வந்தது அதை அல்ல. அடுத்த வாரம் ஒரு காலையில் அய்யாக்கண்ணு முன்கூடத்திலிருந்து கூப்பிட்டான். நெற்றியெல்லாம் வியர்வை.

"அக்கா, அந்த ரூமப் பூட்டுங்க."

"ஏன், என்ன ஆச்சு?"

"வாசம் மாறிப்போச்சு. போன வாரம் பழமா இருந்துச்சு. இப்ப அது எனக்குத் தெரிஞ்ச வாசம்." இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்திருந்தான். "கண்ணு போனாலும் காலுக்கு வழி தெரியுதுக்கா. அது புளிச்சு முடியிற வரைக்கும் என்னை இந்த வீட்டுக்குள்ள விடாதீங்க. லெட்சுமி சொன்னாலும் விடாதீங்க. நானே வந்து கெஞ்சினாலும் விடாதீங்க."

இந்த வேலைக்கு வந்த நாளிலிருந்து குடிகாரர்களை எத்தனையோ பேர் பார்த்துவிட்டேன். சத்தியம் செய்வார்கள், காலில் விழுவார்கள். பூட்டைத் தானாகக் கேட்ட மனுஷனை நான் பார்த்ததில்லை. பூட்டு வாங்க நானே கடைக்கு நடந்தேன்.

இப்போது பகலெல்லாம் எதிரே முகம்மதுவின் காப்பிக் கடையில் உட்கார்ந்து வெங்காயம் உரிக்கிறான். "கண்ணு எரியாத ஆளு எனக்குத்தான் கெடச்சிருக்கு" என்று முகம்மது கேலி செய்கிறார். அவனும் சிரிக்கிறான். லெட்சுமி மத்தியானம் சோறு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, அவனை இங்கே கூப்பிடாமல் திரும்பி வருகிறாள்.

உன் தோட்டக்காரர் எப்படி இருக்கிறார்?

அக்கா

•

அடிலெய்ட் மலைப்பகுதி
9-10-1983

அன்புள்ள அக்கா,

இங்கே வசந்தம் ஆரம்பித்திருக்கிறது. போன சனிக்கிழமை காலை தோட்டக்காரரின் பெரிய மகள் சரிவிலிருந்து கத்திக்கொண்டு ஓடி வந்தாள். அப்பாவைக் கையைப் பிடித்து இழுத்தாள். எல்லோரும் போனோம்.

கரிக்கட்டைகள் என்று எழுதியிருந்தேனே. அதில் ஒன்று, அடியில், மண்ணை ஒட்டின இடத்தில் வெடித்திருந்தது. வெடிப்பிலிருந்து ஒரு துளிர். என் சுண்டுவிரல் நகமளவு. விளிம்பு இளஞ்சிவப்பு. மேலே பஞ்சு மாதிரி ரோமம். தோட்டக்காரர் குப்புறப் படுத்து, முகத்தை அதற்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு தவழ்ந்தே அடுத்த கொடிக்குப் போனார். அதற்கடுத்ததற்கு. எல்லாவற்றிலும் இல்லை, பாதிக்கு மேல் செத்துத்தான் போயின. ஆனாலும் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சரிவு முழுக்க வந்திருக்கிறது. வேர் எத்தனை ஆழத்தில் இருந்திருந்தால் அந்த நெருப்பு அதைத் தொடாமல் போயிருக்கும்!

மதியம் வரை அவர் எழுந்திருக்கவில்லை. எழுந்தபோது சட்டை, முழங்கால், தாடி எல்லாம் கரி. மனைவியைப் பார்த்து, "தண்ணீர் ஊற்ற வேண்டும்" என்றார். இந்த எட்டு மாதத்தில் அவர் ஒரு முழு வாக்கியம் பேசி நான் கேட்டது அதுதான்.

பழம் கிடைக்க இன்னும் மூன்று வருஷமாவது ஆகும். அதுவரை அவர்கள் பிழைக்க அக்கம்பக்கத்துத் தோட்டத்தார்கள் கூடி ஒரு ஏற்பாடு செய்திருக்கிறார்கள். எரியாத தோட்டத்துப் பழத்தில் ஆளுக்கு ஒரு பங்கு இவர்களுக்கு. எங்கள் குழு அதைப் பற்றித்தான் அறிக்கை எழுதுகிறது. அறிக்கையில் எழுத முடியாத விஷயம்தான் அதிகம்.

அய்யாக்கண்ணு பூட்டைக் கேட்ட பகுதியைத் தோட்டக்காரரின் மனைவிக்கு ஆங்கிலத்தில் சொன்னேன். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவர் குழாயை நிறுத்திவிட்டுக் கேட்டார். அவன் பெயரை இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்தார். சரியாக வரவில்லை. ஆனாலும் விடவில்லை.

பரமநாதன்

•

ஜார்ஜ் டவுன்
27-11-1983

என் தம்பிக்கு,

நிறைய இருக்கிறது. எதை முதலில் எழுதுவது?

சாடிகளில் சில பூஞ்சணம் பிடித்துக் கெட்டுப்போயின. அழுதுகொண்டே கொட்டினோம். மற்றதில் ஆடை பிடித்தது. முதலில் தூசி என்று நினைத்தேன். நாளாக நாளாகத் தடித்து, வெள்ளையாக, சாடியின் வாயளவுக்கு வட்டமாகப் படிந்தது. யார் கொண்டுவந்து போட்டார்கள், எங்கிருந்து வந்தது? நாம் சுவாசிக்கிற இதே காற்றில் இருந்தது என்று நீ எழுதுவாய். தெரியும். தெரிந்துகொண்டு பார்த்தாலும் உடம்பு சிலிர்க்கிறது.

போன மாதக் கடைசியில் நோர்மா வந்து குழாயில் எடுத்துப் பார்த்தார். மறுபடி பார்த்தார். மலாயில் "சுடா ஹாபிஸ்" என்றார். அதாவது போதை தீர்ந்துவிட்டது. "எதுவும் போடலையே அக்கா?" என்று கேட்டார். போடவில்லை என்றேன். ஒரு சின்னக் கரண்டியில் எடுத்து, பிஸ்மில்லா சொல்லி வாயில் விட்டார். முகம் சுருங்கியது, கண்ணில் நீர் வந்தது, சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் பெண்களுக்கு மூச்சு வந்தது.

சௌராஸ்தா பாசாரில் ஜாதிக்காய் ஊறுகாய் விற்கிற ஆசியா பீவியிடம் ஒரு போத்தல் கொண்டுபோனோம். முதலில் தொடவில்லை. "நீங்க காய்ச்சுறதா ஊரே பேசுதே" என்றார். நோர்மா கூடவே வந்திருந்தார். தான் சோதித்ததை மலாயில் நிதானமாக எடுத்துச் சொன்னார். ஆசியா பீவி விரலில் தொட்டு நாக்கில் வைத்தார். "இதுலயே ஜாதிக்காய் வாசம் இருக்கே! இதுல ஊறப்போட்டா எப்பிடி இருக்கும்!" என்று உள்ளே போய் ஒரு தட்டு துண்டுகளை எடுத்துவந்தார். இனி மாதாமாதம் அவருக்குத்தான். மரத்தடியில் அழுகின சதை, அதே காய்க்கே ஊறலாகப் போகிறது. உன் குழுவில் வியாபாரம் பார்க்கிறவரிடம் சொல், சந்தோஷப்படுவார்.

கதவைத் திறந்துவிட்டோம். அய்யாக்கண்ணு உள்ளே வந்து, பின்னறை வாசலில் நின்று மூச்சை இழுத்தான். பிறகு போத்தலைக் கொடுங்கள், மூடி போடுகிறேன் என்றான். அடுத்த சாடிகள் போடுகிறபோது மறுபடியும் வெங்காயத்துக்குப் போய்விடுவானாம். அவனே சொல்லிவிட்டான். இனி குடிக்கவே மாட்டான் என்று நான் எழுதமாட்டேன். இன்றைக்குக் குடிக்கவில்லை.

முக்கியமானதைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். புதன்கிழமை காலை லெட்சுமிக்குப் பெண் பிறந்தது. சுகப்பிரசவம். பார்வையாளர் நேரத்தில் அய்யாக்கண்ணுவை நான்தான் கூட்டிப்போனேன். நாற்காலியில் உட்காரவைத்து, குழந்தையை மடியில் கொடுத்தோம். ஒரு விரலால் நெற்றி, மூக்கு, மோவாய் என்று தடவிக்கொண்டே வந்தான். கண்ணுக்குப் பக்கத்தில் விரல் நின்றுவிட்டது.

"கண்ணு தெறந்திருக்கா?" என்றான்.

"தெறந்திருக்கு" என்றாள் லெட்சுமி.

"யாரப் பாக்குது?"

"உங்களத்தான்."

அவன் தலைமயிரைக் கையால் ஒதுக்கிக்கொண்டான். படம் பிடிக்க உட்காருகிறவனைப் போல முகத்தை நேராக வைத்துக்கொண்டு, மகள் பார்த்து முடிக்கும்வரை அசையாமல் இருந்தான்.

அக்கா,
அருந்ததி